விளையாட்டுப் பைக்குள் இருந்த பாரம்

கொலன்னாவையில் எங்கள் நிலையத்தில் வியாழக்கிழமைகளில் தையல் வகுப்பு நடக்கிறது. வருகிறவர்களில் அநேகமானோர் யுத்தம் முடிந்த பின்னர் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வேலை தேடிக் கொழும்புக்கு வந்த பெண்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வாடகை கட்டுப்படியாகாது என்பதால் இங்கே, எண்ணெய்க் குதங்களுக்கு அப்பால் உள்ள ஒழுங்கைகளில், ஓர் அறையும் ஒரு குசினியுமாகக் குடியிருக்கிறார்கள். விடிய எழும்பி இரண்டு பஸ் மாறி வெள்ளவத்தைக்குப் போய் வீட்டு வேலை செய்துவிட்டு, பின்னேரம் வகுப்புக்கு வந்து தையல் இயந்திரத்தின் முன்னால் அமர்கிறார்கள். அவர்களுடைய பொறுமையைப் பார்க்கும்போது எனக்குச் சில வேளைகளில் கோபம்கூட வருவதுண்டு.

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்னரும் ஓர் அக்கா மட்டும் கதிரையைவிட்டு எழும்பவில்லை. துண்டுத் துணிகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒரு கதை சொல்லவேணும். பொலிசுக்குப் போற கதையெண்டால் நான் சொல்லேல்லை."

அவருடைய கணவர் 2009இல் இல்லாமல் போனவர். இறந்தாரா, இருக்கிறாரா என்பது இன்றைக்கும் தெரியாது. அப்போது மூன்று வயதாக இருந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டுதான் மாத்தளன் கரையைத் தாண்டினார். அந்த மகனுக்கு இப்போது பதினெட்டு வயது கடந்துவிட்டது. கொழும்பில் ஒரு பாடசாலையில் உயர்தரம் படிக்கிறான். உதைபந்தாட்ட அணியில் நடுவரிசையில் ஆடுகிறான். நல்ல ஆட்டக்காரன் என்று மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள். (யார் என்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை நான் மாற்றியிருக்கிறேன்.)

ஒரு நாள் ஜேர்சியைத் தோய்ப்பதற்காக மகனின் விளையாட்டுப் பையைத் திறந்திருக்கிறார். சப்பாத்துகளுக்குக் கீழே, கால் காப்புகளுக்கும் கீழே, துவாயில் சுற்றிய ஒரு பொருள்.

"அவிட்டுப் பாக்கேல்லை மிஸ். கையில தூக்கின உடனை பாரத்திலேயே விளங்கிப்போச்சு. எத்தினையைப் பாத்தனாங்கள்."

அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு ஜேர்சியை மட்டும் தோய்த்துக் காயப்போட்டிருக்கிறார். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாட்கள் அப்படியே போயின. ஒன்பதாவது நாள்தான் என்னிடம் வந்திருந்தார்.

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். கேட்ட பிறகு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்றும் நினைத்தேன். அவர் சொன்ன பதில் இதுதான்: "கேக்காமல் இருந்தே பழகிப்போச்சு."

இந்த வரியை வாசிக்கும் உங்களில் பலருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. இரவில் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்பவர்களின் பையில் என்ன இருக்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று நாளாக எங்கே போனான் என்று கேட்டதில்லை. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் கேட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது; உண்மையிலேயே தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அந்த மௌனம் எத்தனையோ தாய்மாரின் உயிரையும் பிள்ளைகளின் உயிரையும் காப்பாற்றியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குக் காப்பாற்றிய அதே மௌனம் இன்றைக்குக் கொலன்னாவை ஒழுங்கையில், ஒரு பாடசாலைப் பையனின் பைக்கு முன்னால், என்ன செய்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

பிறகு மெல்ல மெல்லக் கதை வெளிவந்தது. மைதானத்துக்கு ஓர் "அண்ணை" வருவாராம். வசதியில்லாத பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கித் தருவாராம், ஆட்டம் முடிந்ததும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பாராம். அவர்தான் "இரண்டு நாளைக்கு வைச்சிரு தம்பி, உன்ரை பையை ஒருத்தனும் பாக்கமாட்டான்" என்று கொடுத்தது. பையன் அதைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுத்து அணிப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக் குழுவில் போட்டிருக்கிறான். ஆக, அணியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு பிள்ளை பயந்துபோய்ப் பயிற்றுநரிடமும் சொல்லியிருக்கிறான். பயிற்றுநர் சொன்னது: "ஃபைனல் முடியட்டும், பிறகு பாப்பம்."

சனிக்கிழமை இறுதியாட்டம். பையன் ஆடினான். அணி வென்றது. படம் பிடித்தார்கள், மாலை போட்டார்கள். திங்கட்கிழமை காலை தாயைப் பாடசாலைக்குக் கூப்பிட்டு, இப்படியான பிள்ளைகளால் பாடசாலையின் பெயர் கெடுகிறது, இனி அணியில் இடமில்லை, வகுப்புக்கு மட்டும் வரட்டும் என்றார்கள். அது எந்தப் பாடசாலை என்பது இங்கே முக்கியமில்லை. எந்தப் பாடசாலையிலும் நடக்கக்கூடியது. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது ஒரேயொரு விடயம். சனிக்கிழமைக்கு முன்னரும் சரி, திங்கட்கிழமைக்குப் பின்னரும் சரி, அந்தத் துப்பாக்கி இப்போது எங்கே என்று பெரியவர்கள் ஒருவரும் அந்தப் பையனிடம் கேட்கவில்லை.

நானும் உடனே கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். யாரிடம் சொல்வது, நிலையத்துக்கு ஏதும் பிரச்சினை வருமா, என் பெயர் எங்கேயாவது பதியப்படுமா என்று இரண்டு நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உதவும் பெண் சட்டத்தரணி ஒருவரை அழைத்தேன். அதற்குள் "அண்ணை" வந்து பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு நாட்கள் என்னை விடவில்லை. இப்படியான சம்பவங்களில் மற்ற நாடுகளில் அணிகள் என்ன செய்திருக்கின்றன என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அங்கே "கல்லூரி அணி" என்றால் பல்கலைக்கழக அணி. ஆயிரக்கணக்கானோர் பார்க்க வரும் ஆட்டங்கள், பெரும் பணம். எங்கள் பாடசாலை மைதானத்தோடு ஒப்பிட முடியாது என்றுதான் முதலில் நினைத்தேன். வாசிக்க வாசிக்க அந்த "ஃபைனல் முடியட்டும்" என்ற குரல் அங்கேயும் கேட்டது.

2022 நவம்பர் 13, ஞாயிறு இரவு. அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் வோஷிங்டனில் ஒரு நாடகம் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் வளாகத்துக்குத் திரும்பி வந்தார்கள். பஸ் வந்து நின்றதும் அவர்களோடு பயணம் செய்த ஒரு மாணவன் சுடத் தொடங்கினான். டெவின் சாண்ட்லர், லவெல் டேவிஸ், டிஷோன் பெரி என்ற மூன்று அமெரிக்க உதைபந்தாட்ட வீரர்கள் இறந்தார்கள். மேலும் இருவர் காயப்பட்டார்கள். அவர்களில் மைக் ஹொலின்ஸ் என்பவரும் அதே அணியின் வீரர். சுட்டவன் 2018இல் அதே அணியின் பட்டியலில் இருந்தவன். ஓர் ஆட்டத்திலும் இறங்காதவன்.

என்னை உலுக்கியது சூட்டுச் சம்பவம் மட்டுமல்ல. அவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று ஒருவர் சொன்ன தகவல் அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்திருந்தது. அபாயங்களைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு குழு இருந்தது. அவர்கள் விசாரித்தார்கள். அறைத்தோழன் தான் துப்பாக்கியைக் கண்டதில்லை என்றான். 2021இல் மறைத்து ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்காக அவன் தண்டிக்கப்பட்டிருந்ததும், அதை விதிப்படி பல்கலைக்கழகத்துக்கு அறிவிக்காததும் தெரியவந்தது. ஒழுக்காற்று நடவடிக்கைக்குக் கோவை தயாரானது. அவன் ஒத்துழைக்கவில்லை. கோவை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் நவம்பர் 13 வந்துவிட்டது. 2024இல் குடும்பங்களுக்கும் ஹொலின்ஸுக்குமாக 90 இலட்சம் டொலர் கொடுக்கப் பல்கலைக்கழகம் சம்மதித்தது. சுட்டவன் அதே ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2025 நவம்பரில் ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

அங்கே குழு இருந்தது, விதி இருந்தது, படிவம் இருந்தது. இங்கே இவை ஒன்றும் இல்லை. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: அறிந்தவர்கள் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தார்கள்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் கதை வேறு மாதிரி. 2023 ஜனவரி 15 அதிகாலையில் டஸ்கலூசா நகரில் ஜமேயா ஹரிஸ் என்ற 23 வயதுப் பெண் காருக்குள் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டாள். ஐந்து வயது மகனுக்குத் தாய். துப்பாக்கி அந்தப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவருடையது என்று பொலிசார் சொன்னார்கள். கைதான அவர் உடனே அணியிலிருந்து நீக்கப்பட்டார். சரிதான். ஆனால் அந்தத் துப்பாக்கி வந்தது அணியின் நட்சத்திர வீரரான பிரண்டன் மில்லரின் காரில் என்றும், அதைக் கொண்டுவரும்படி மில்லருக்குச் செய்தி அனுப்பப்பட்டிருந்தது என்றும் பெப்ரவரி 21ஆம் திகதி நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. அவர் துப்பாக்கியைத் தொடவேயில்லை என்று அவருடைய சட்டத்தரணி சொன்னார். அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் சுமத்தப்படவில்லை. பொலிசாருக்கு அவர் ஒத்துழைத்தார். அதனால் அவர் குற்றவாளி என்று நான் எழுதவில்லை.

எழுத வேண்டியது அணியைப் பற்றி. அவர் பிழையான இடத்தில் பிழையான நேரத்தில் இருந்துவிட்டார் என்பதுபோலப் பயிற்றுநர் பேசினார். பிறகு அந்தப் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் இரவே மில்லர் ஆடினார், 41 புள்ளிகள் எடுத்தார், அணி வென்றது. அடுத்த ஆட்டத்தின் ஆரம்ப அறிமுகத்தில் சக வீரர் ஒருவர் அவரது உடம்பைத் தடவிச் சோதனை போடுவதுபோல நடித்தார். அவர்கள் வழக்கமாகச் செய்யும் விளையாட்டாம். ஒரு தாய் செத்து ஆறு கிழமை. சோதனைச் சாவடியில் கைகளை உயர்த்தி நின்றவர்களுக்கு அந்தச் சைகை எப்படித் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இனி அப்படி நடக்காது என்று பிறகு பயிற்றுநர் சொன்னார்.

ஓர் ஆட்டம், இரண்டு ஆட்டம் அந்த இளைஞரை ஓரமாக இருக்கச் சொல்லியிருந்தால் அது தண்டனையாகாது. "இங்கே ஒரு பெண் இறந்திருக்கிறாள், முதலில் என்ன நடந்தது என்று எல்லோரும் அறிவோம்" என்று சொல்வதாக இருந்திருக்கும். அணி ஒழுக்கம் என்றால் நான் விளங்கிக்கொள்வது இதைத்தான். நேரத்துக்கு வருவதும் தலைமயிரை ஒட்ட வெட்டுவதும் அதற்குப் பிறகு வருகிறவை.

பேசத் துணிந்தவருக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2003இல் டெக்சாசில் பெய்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வீரர் பட்ரிக் டென்னஹி, அதே அணியில் ஆடிய தன் அறைத்தோழன் கார்ல்டன் டொட்சனால் சுட்டுக் கொல்லப்பட்டார். டொட்சனுக்கு 2005இல் 35 ஆண்டுச் சிறை கிடைத்தது. கொலைக்குப் பிறகு தலைமைப் பயிற்றுநர் டேவ் பிளிஸ் என்ன செய்தார் தெரியுமா? டென்னஹியின் கல்விக் கட்டணத்துக்கான பணத்தை விதிக்கு மாறாகத் தான் ஏற்பாடு செய்ததை மறைப்பதற்காக, இறந்த பிள்ளை போதைப்பொருள் விற்று அந்தப் பணத்தைத் தேடினான் என்று சொல்லும்படி மற்ற வீரர்களைத் தயார்படுத்தினார். உதவிப் பயிற்றுநர் ஏபர் ரவுஸ் அந்தப் பேச்சை இரகசியமாக ஒலிப்பதிவு செய்து வெளியில் கொடுத்தார். அது வெளிவர முன்னரே பிளிஸ் பதவி விலகியிருந்தார். ஆனால் உண்மையை வெளிக்கொண்டு வந்த ரவுஸுக்குப் பிறகு பல்கலைக்கழக அணிகளின் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. எங்கள் பாடசாலை அணியில், பயிற்றுநரிடம் போய்ச் சொன்ன அந்தச் சின்னப் பிள்ளையையும் இப்போது மற்றவர்கள் "காட்டிக்கொடுத்தவன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லின் கனம் எங்களுக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

கொலன்னாவை என்றதும் கொழும்பில் பலருக்கும் நினைவுக்கு வருவது எண்ணெய்க் குதம். 1995 ஒக்டோபரில் அது தாக்கப்பட்டு நாட்கணக்கில் எரிந்தது. 2007 ஏப்ரலில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம் நடந்த இரவில் புலிகளின் விமானங்கள் வந்தன. நான் அப்போது பாடசாலை மாணவி. வெள்ளவத்தையில் மாமி வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். மின்சாரம் நின்றது, பிறகு வெடிச்சத்தம். மாமி எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினார். "ஸ்கோர் என்ன?" என்று கேட்டபடிதான் தம்பி படுத்திருந்தான். விளையாட்டும் துப்பாக்கியும் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையில் எப்போதுமே அடுத்தடுத்த அறையில்தான் இருந்திருக்கின்றன.

யுத்தம் முடிந்த பின்னரும் துப்பாக்கி இந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. 2011 ஒக்டோபர் 8, உள்ளூராட்சித் தேர்தல் நாள். கொலன்னாவைத் தொகுதிக்குள் உள்ள முல்லேரியாவில் ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு அரசியல்வாதிகளின் ஆட்கள் மோதிக்கொண்டதில் பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவும் மேலும் மூவரும் கொல்லப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துமிந்த சில்வாவுக்கு 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2021இல் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்தார். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பை ரத்துச் செய்தது. இந்த வழக்கு நடந்த ஆண்டுகளில் இங்கே வளர்ந்த பையன்கள் என்ன படித்திருப்பார்கள்? ஒரு பெரிய "அண்ணை"க்குப் பின்னால் நின்றால் துப்பாக்கி கிடைக்கும், மரியாதை கிடைக்கும், பிடிபட்டாலும் ஒரு வழி பிறக்கும் என்றுதான். உயர் நீதிமன்றம் கடைசியில் சொன்னது அவர்கள் காதுக்கு எவ்வளவு தூரம் எட்டியதோ.

பெண்களாகிய நாங்களும் இதற்கு வெளியே இல்லை. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி புதுக்கடை நீதிமன்றத்துக்குள் கணேமுல்ல சஞ்சீவ எனப்படுபவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டப் புத்தகத்தின் உள்பக்கங்களை வெட்டி, அந்தக் குழிக்குள் துப்பாக்கியை வைத்துக் கொண்டுபோனது ஓர் இளம் பெண் என்று பொலிசார் தெரிவித்தார்கள். அதே கணக்குத்தான் இங்கேயும்: பெண்ணின் கையில் உள்ள புத்தகத்தை, விளையாட்டுப் பிள்ளையின் பையை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். எங்கள் பையன் கெட்டிக்காரன் என்பதற்காக "அண்ணை" அவனைத் தெரிவு செய்யவில்லை. சுத்தமான பிள்ளை என்பதற்காகத்தான் தெரிவு செய்தார்.

"அப்ப பொலிசிலை சொல்லியிருக்கலாமே" என்று வெளியில் இருப்பவர்கள் இலகுவாகச் சொல்வார்கள். அந்த அக்கா என்னிடம் கேட்டார்: "ஆயுதத்தைக் காட்டு எண்டு கூட்டிக்கொண்டு போனால் பிள்ளை திரும்பி வருவானா மிஸ்?" இது கற்பனைப் பயம் அல்ல. 2025 பெப்ரவரியிலேயே கொட்டாஞ்சேனையில் நடந்த ஒரு கொலையின் சந்தேகநபர்கள் இருவர், கைதாகிச் சில மணி நேரத்துக்குள் பொலிசாரின் சூட்டில் இறந்தார்கள். அவர்கள் தங்களைத் தாக்க முயன்றார்கள் என்று பொலிசார் சொன்னார்கள். இப்படியான செய்தியை இந்த நாட்டில் நாங்கள் எத்தனை முறை வாசித்திருக்கிறோம். தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் அதற்கு மேல் இன்னொரு சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும்: "எந்த இயக்கம்?"

சட்டமும் விளையாட்டல்ல. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். "என்னுடையதல்ல, ஒருவருக்காக வைத்திருந்தேன்" என்பது காப்பாற்றாது. தானியங்கித் துப்பாக்கியாக இருந்தால், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், ஆயுள் தண்டனை வரை போகலாம். பிணையும் எளிதில் கிடைக்காது. பையன்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் உண்மையாகவே திகைத்துப் போனார்கள். இரண்டு நாள் வைத்திருப்பதற்கு ஒரு சோடிச் சப்பாத்து என்று மட்டுமே கணக்குப் பார்த்திருந்தார்கள்.

எங்கள் சட்டத்தரணி தாய்மாருக்கு ஒரு பின்னேரம் வகுப்பு எடுத்தார். அப்படியொரு பொருளைக் கண்டால் அதை அவிழ்க்காதீர்கள், துடைக்காதீர்கள், கானுக்குள்ளோ ஆற்றிலோ எறியாதீர்கள் என்றார். இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அந்த வீட்டுக்காரியையும் குற்றத்துக்குள் இழுத்துவிடுவீர்கள். மற்றச் சின்னப் பிள்ளைகளை அந்த அறையிலிருந்து வெளியே எடுங்கள். பிள்ளையிடம் நேரே கேளுங்கள், சத்தம் போடாமல். பிறகு முதல் அழைப்புச் சட்டத்தரணிக்கு; பணமில்லாவிட்டால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். பொலிசுக்குப் போவதென்றாலும், நீதவானிடம் ஒப்படைப்பதென்றாலும் சட்டத்தரணியோடு, பகலில், வீட்டாருக்கு அறிவித்துவிட்டுப் போக வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் 1929 என்ற இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை அழைக்கலாம். கைதாகி எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996. இந்த இரண்டு இலக்கங்களையும் குசினிச் சுவரில் எழுதி வைத்திருக்கும் வீடுகள் இப்போது எங்கள் ஒழுங்கையில் சில உண்டு. வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர் கடைசியில் எழும்பி, "இதெல்லாம் சரி மிஸ், கேக்கிறதுதான் கஷ்டம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இனி அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

அணியிலிருந்து வெட்டப்பட்ட பின்னர் அவன் பின்னேரங்களில் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். பயிற்சி இருந்த நேரத்தில் இப்போது வேறு ஆட்களோடு நின்றான். சமூகவியல் படித்த காலத்தில் ஹவார்ட் பெக்கர் 1963இல் எழுதிய நூலைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன்: ஒருவனுக்கு நெறி பிறழ்ந்தவன் என்று முத்திரை குத்திவிட்டால், அந்த முத்திரைக்குத் தக்கபடி வாழ்வதற்கான வழிதான் அவனுக்கு மிச்சமாகும் என்பது அதன் சாரம். அதை நான் ஒழுங்காக விளங்கிக்கொண்டது இந்தப் பையன் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிய அன்றைக்குத்தான். ஓர் ஆட்டத்துக்காகத் துப்பாக்கியை மறந்த அணி, ஒரு பெயருக்காகப் பையனை "அண்ணை"யிடமே அனுப்பிவைத்துவிட்டது.

வெல்லம்பிட்டியில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு நானா ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்களைச் சேர்த்துப் பந்து விளையாடுகிறார். பயிற்றுநர் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. தாய் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். (கேட்காமல் பழகியவர், இந்த முறை தானாகவே வாய் திறந்தார். நான் சொல்லி அல்ல.) நானா பையனைக் கூப்பிட்டு முதலில் கேட்டது, "தம்பி, அந்தச் சாமான் இப்ப எங்க?" என்பதைத்தான். பையன் சொன்னான். சட்டத்தரணிக்கு முன்னாலும் ஒரு நாள் வந்திருந்து எல்லாவற்றையும் சொன்னான். யார், எப்போது, எங்கே என்பதை அவர் எழுதி எடுத்தார். அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதுவது பையனுக்குப் பாதுகாப்பல்ல.

நானா அவனை அணியில் சேர்த்தார், ஆனால் எட்டு ஆட்டங்களுக்கு மைதானத்தில் இறங்கக் கூடாது என்றார். ஒவ்வொரு ஞாயிறும் முதலாவதாக வந்து சுண்ணாம்புக் கோடு போட வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும், கடைசியாகப் போக வேண்டும். இன்னொரு விதியும் வைத்தார். பயிற்சி தொடங்க முன்னர் எல்லோரும் தங்கள் பைகளைப் பாயில் கவிழ்க்க வேண்டும். முதலில் கவிழ்ப்பது நானாவின் பை. அதற்குள்ளிருந்து விழுவது பெரும்பாலும் ஒரு போத்தல் தேநீரும் வண்டியின் பழைய ரசீதுகளும்தான் என்று பையன்கள் சிரிப்பார்கள்.

எட்டில் ஆறு ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இரண்டில் அணி தோற்றது. ஒன்றில் அவன் இறங்கியிருந்தால் வென்றிருக்கும் என்று பிள்ளைகள் நானாவோடு சண்டை பிடித்தார்களாம். அவர் அசையவில்லை. சென்ற வியாழக்கிழமை வகுப்பில் அக்கா ஊசியில் நூலைக் கோர்த்தபடி, "இப்ப அவன்ரை பையை நான் திறக்கிறேல்லை மிஸ். அவனே கொண்டுவந்து குசினியில கொட்டிப்போட்டு, தோய்க்கிறதை எடுங்கோ அம்மா எண்டு சொல்லுறான்" என்றார். பிறகு, சப்பாத்து கிழிந்துவிட்டது, ஒன்பதாவது ஆட்டத்துக்கு முன்னர் ஒன்று வாங்க வேண்டும், எங்கே மலிவாக எடுக்கலாம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.